பொருநைக்கரைத் தாழிக்காடும் வன்னி நிலமும்

வன்னி நாட்டின் தொன்மையைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் குளக்கட்டில் நின்றே பேச்சைத் தொடங்குவர். வவுனிக்குளம், பாவற்குளம், முத்தையன்கட்டு எனப் பெயர்களை அடுக்குவர். அதில் தவறொன்றுமில்லை. நீர்ப்பாசனத் திணைக்களத்திற் கடமையாற்றிய ஹென்றி பாக்கர் என்னும் ஆங்கிலேயர், பண்டைய இலங்கையைப் பற்றி 1909ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலில், பழங்குளங்களின் கட்டையும் மதகையும் செங்கல்லையும் அளந்து அளந்து எழுதினார். அவருக்குப் பின் வந்தோர் அவர் காட்டிய வழியிலேயே நடந்தனர். ஆயினும், குளங்கட்டி நெல் விளைத்த மக்களுக்கும் முற்பட்டவர்கள், அல்லது அவர்களின் முதற் பாட்டன்மார், இறந்தபோது எங்கே வைக்கப்பட்டனர்? இக்கேள்வியை நம்மிற் பலர் கேட்டதில்லை.

கேட்டவர்களுக்கு விடை குளக்கட்டிற் கிடைப்பதில்லை. உழவன் கொழுமுனையில் அகப்படும் ஓட்டுத்துண்டிலேதான் கிடைக்கின்றது. ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் சிவப்புமான ஓடு அது. மட்கலத்தைச் சூளையிற் கவிழ்த்து வைத்துச் சுடும்போது, காற்றுப் புகாத உட்புறமும் வாய்விளிம்பும் கறுத்துவிடும். காற்றும் தீயும் பட்ட வெளிப்புறம் சிவந்து விடும். இதனைக் கறுப்புச் சிவப்பு மட்கலம் என்று ஆராய்ச்சியாளர் வழங்குவர். இரும்பைக் கையாளத் தொடங்கிய மக்களோடு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இம்மட்கலம் பரவிக் கிடக்கின்றது. கிளிநொச்சி மாவட்டத்துப் பூநகரியில், வெட்டுக்காடு, மண்ணித்தலை, பரமன்கிராய் முதலிய இடங்களில் இவ்வோடுகள் கண்டெடுக்கப்பட்டன, பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் 1993ஆம் ஆண்டில் வெளிவந்த பூநகரி தொல்பொருளாய்வு என்னும் நூலில் அவற்றை விரித்துரைத்திருக்கின்றார். அவ்வோடுகளிற் சில பிராமி எழுத்தும் பொறிக்கப் பெற்றவை. வவுனியா மாவட்டத்தில் மாமடுவும் பெருங்கற்கால ஈமத்தலங்களின் பட்டியலில் இடம்பெற்ற ஓர் ஊரே. இன்னும் தொன்மை வேண்டுவோர்க்கு இரணைமடு இருக்கின்றது. அங்குள்ள சரளைப் படிவத்தில் இரும்பும் மட்கலமும் அறியாத மாந்தரின் கற்கருவிகள் கிடைத்தமையால், அவ்வகை நிலப்படிவத்துக்கே இரணைமடு என்னும் பெயர் ஆராய்ச்சி நூல்களில் நிலைத்துவிட்டது.

இவ்வளவு இருந்தும், வன்னியில் ஓர் ஈமக்காட்டைத் திறந்து, திறந்த நிலையிலேயே காப்பிட்டு, வருவோர் கண்டு செல்லுமாறு வைத்ததில்லை. வவுனியா நகரில் தொல்பொருட் திணைக்களத்தின் நூதனசாலை ஒன்று உண்டு. அங்கே கற்சிற்பங்களே முதன்மை பெறுகின்றன. ஆகவே தாழியடக்கம் எத்தன்மையது என்பதைக் கண்ணாற் காண விரும்பும் வன்னிவாசி, மன்னார்க் குடாக்கடலைத் தாண்டி அக்கரைக்குச் செல்ல வேண்டியவனாகின்றான். அவன் செல்லவேண்டிய இடம் ஆதிச்சநல்லூர்.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் ஏறக்குறைய 24 கிலோமீற்றர் சென்றால், தாமிரபரணி ஆற்றின் தென்கரையில் அவ்வூர் இருக்கின்றது. ஸ்ரீவைகுண்டம் அணித்தே உள்ளது. ஆற்றின் இருமருங்கும் வயலும் வாழையுமாகப் பசுமை பொங்கும். அப்பசுமையின் விளிம்பிலே, உழவுக்கு உதவாத சரளை மேடொன்று எழுந்து நிற்கும். ஊரார் அதனைப் பறம்பு என்பர். 100 ஏக்கருக்கு மேற்பட்ட அம்மேடு முழுவதுமே ஓர் இடுகாடு. நல்ல நிலத்தை உயிரோடிருப்பவர்க்கு ஒதுக்கி, விளையாத நிலத்தை இறந்தவர்க்கு விட்ட அம்மக்களின் கணக்கு, நம் பக்கத்துக் கமக்காரருக்கு எளிதில் விளங்கும். நம்மவரும் வயலுக்குள்ளே சுடலை வைப்பதில்லை.

இம்மேட்டின் சிறப்பை முதலில் உலகுக்கு உணர்த்தியவர் ஜேர்மனி நாட்டினரான யாகோர் என்பவர். அவர் 1876ஆம் ஆண்டில் இங்கு வந்து தோண்டினார். ஐம்பதுக்கு மேற்பட்ட வகை மட்கலங்களும் இரும்புக் கருவிகளும் மண்டையோடுகளும் வெளிப்பட்டன. அவை பெர்லின் நகர நூதனசாலைக்குச் சென்றன. அவருக்குப் பின், சென்னை வட்டாரத் தொல்லியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை விட்டுவிட்டுத் தோண்டினார். இடையில் 1903, 1904 அளவில் லாப்பிக் என்னும் பிரெஞ்சு அறிஞரும் வந்து, தாம் கண்டவற்றைப் பாரிசுக்குக் கொண்டு சென்றார். ரீ கண்டெடுத்தவை சென்னை எழும்பூர் அரும்பொருளகத்தைச் சேர்ந்தன. அவற்றின் பட்டியல் 1915ஆம் ஆண்டில் அச்சாயிற்று. ஆக, ஒரே இடுகாட்டிற் கிடந்த மக்களின் உடைமை பெர்லினிலும் பாரிசிலும் சென்னையிலுமாக மூன்று நகரங்களுக்குப் பங்கிடப்பட்டது. ஊரிலே எஞ்சியது வெறும் மேடும், மேட்டின்மீது சிதறிய ஓடுகளுமே.

ரீயின் பட்டியலை வாசிப்பவருக்கு, அவர் பொறுமையான மனிதர் என்பது புலப்படும். பாறையைக் குடைந்து குழி செய்து, குழிக்கொரு தாழியாக இறக்கியிருந்தனர் என்கின்றார். சில தாழிகளில் ஆளை முழுமையாகக் குந்தவைத்திருந்தனர். வேறு சிலவற்றில், உடல் வேறிடத்திற் கிடந்து தசை நீங்கிய பின் பொறுக்கியெடுத்த என்புகளை மட்டும் இட்டிருந்தனர். தாழியின் உள்ளும் புறமும் சிறு கலங்கள். அவற்றுள் நெல்லுமியும் தினை போன்ற சிறுதானியத்தின் உமியும். இரும்பு வாள், ஈட்டிமுனை, மண்வெட்டி, சூலம். இந்த இரும்புக் கருவிகள் பலவும் முனை கீழ்நோக்கி நின்றனவாம். சுற்றி நின்ற உறவினர் தம் கையிலிருந்ததை மண்ணிற் குத்திவிட்டுப் போயினர் போலும் என்பது ரீயின் ஊகம். எவ்வளவு எளிய செய்தி! கருவியைப் பெயர்த்தெடுத்துக் கண்ணாடிப் பேழையிற் கிடத்தியபின் இச்செய்தியை அதனிடமிருந்து யாரும் அறிந்துகொள்ள இயலாது. அது நின்ற நிலையை ஒருவர் பார்த்தெழுதியதனாலேயே நாம் அறிகின்றோம்.

வெண்கலப் பொருள்களின் அழகைத் தனியே சொல்லவேண்டும். கிண்ண மூடிகளின் உச்சியிலே எருமையும் சேவலும் யானையும் புலியும் வார்க்கப்பட்டிருக்கின்றன. எருமையின் கொம்பு பின்னோக்கி வளைந்த வகையைக் காணும் எவரும், வார்த்தவன் எருமையோடு பழகியவன் என்பதை ஒத்துக்கொள்வர். பொன்னால் ஆன நெற்றிப்பட்டங்களும் கிடைத்தன. நீள்வட்டமாக வெட்டிய மெல்லிய தகட்டிற் புள்ளி புள்ளியாகக் குத்திய கோலம். நாளும் அணிவதற்கு அத்தகடு தாங்காது. இறந்தோர்க்கெனவே செய்யப்பட்டிருக்கக்கூடும் என்று கருதுவது பொருத்தமே.

ரீ சென்றபின் ஏறக்குறைய நூறாண்டு அம்மேடு மறக்கப்பட்டுக் கிடந்தது. 2004ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் ஆய்வுத்துறையினர் தி. சத்தியமூர்த்தி அவர்களின் தலைமையில் மீண்டும் அகழ்ந்தனர். 600 சதுர மீற்றர் அளவான சிறு பரப்பிலேயே 160க்கு மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காய் அவை புதைக்கப்பட்டிருந்தமையால், பல தலைமுறையினர் இவ்விடத்துக்கே திரும்பத் திரும்ப வந்தனர் என்பது தெளிவாயிற்று. ஓர் ஓட்டுத்துண்டில் நெடிய பெண்ணொருத்தி, அவள் அருகே நெற்கதிர், கொக்கு, மான், முதலை ஆகியவை மண்ணால் ஒட்டி உருவாக்கப்பட்டிருந்தன. ஆறும் வயலும் சூழ்ந்த அந்த நாட்டின் படம் அவ்வளவிலேயே அடங்கிவிட்டது.

ஆனால் அந்த அகழ்வின் பெறுபேறுகளுக்கு நாடு நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. 2004, 2005ஆம் ஆண்டுகளில் எடுத்த பொருள்களின் காலக்கணிப்பு, மதுரையிலுள்ள உயர் நீதிமன்றக் கிளையில் வழக்குத் தொடுக்கப்பட்ட பின்னர், 2019ஆம் ஆண்டிலேதான் வெளியாயிற்று. இரு மாதிரிகள் முறையே கி.மு. 905, கி.மு. 791 என்னும் காலத்தைக் காட்டின. அகழ்ந்தெடுத்து, அறிக்கை எழுதாமல் வைத்திருப்பது என் கருத்திற் பொருளை இரண்டாம் முறை புதைப்பதற்கு ஒப்பாகும். முதன்முறை புதைத்தவர்களாவது அன்போடு புதைத்தார்கள். இக்குறை ஆதிச்சநல்லூருக்கு மட்டும் உரியதன்று. நம் நாட்டிலும் பெட்டிகளிற் கட்டிவைத்த ஓடுகள், எழுதுவாரின்றிக் கிடந்து பெயர்ச்சீட்டை இழந்து போவதுண்டு.

2020ஆம் ஆண்டில் இந்திய நடுவண் அரசு, அகழ்விடத்திலேயே நூதனசாலை அமைத்தற்குத் தேர்ந்த ஐந்து தலங்களுள் ஆதிச்சநல்லூரையும் சேர்த்தது. 2021ஆம் ஆண்டு ஒக்டோபரில் அகழ்வு மீண்டும் தொடங்கிற்று. 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் 5ஆந் திகதி, தாழிகள் வெளிப்பட்ட குழிகளின்மேல் தடித்த கண்ணாடி பதித்த காட்சியிடம் திறந்து வைக்கப்பட்டது. இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதலாவது என்று அறிவித்தனர். இங்கு எடுத்துக் கழுவி அடுக்கிய பொருள்களுக்கு மேலாக, எடுக்கப்படாதவையே காட்சிப்பொருள். காலடியிற் கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே குழி, குழியிற் சாய்ந்தும் நிமிர்ந்தும் உடைந்தும் தாழிகள். ஒரு தாழியின் வயிற்றிலே இன்னொன்றின் விளிம்பு இடித்துக் கொண்டிருப்பதையும், மூடியாகக் கவிழ்த்த கலம் மண்ணின் சுமையால் உள்ளே இறங்கியிருப்பதையும் அங்கே காணலாம். குழந்தைகள் முதலில் அக்கண்ணாடியின்மேற் கால்வைக்கத் தயங்குவார்கள். பெரியவர்களும் சற்றுத் தயங்கவே செய்வர். இறந்தோரின்மேல் நடக்கலாகாது என்னும் பழைய கூச்சம் நம்மை விட்டு நீங்கவில்லை, நீங்காதிருப்பது நன்றே.

இனி இக்கரைக்குத் திரும்புவோம். இரு கரைகளையும் இணைப்பது ஒரு பெயர். தாமிரபரணி என்பது ஆற்றின் பெயராக அக்கரையில் வழங்க, அதன் பாகத வடிவமாகிய தம்பபண்ணி என்பது இக்கரையில் ஒரு நாட்டின் பெயராயிற்று. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோக மன்னன் பொறித்த கல்வெட்டுகளில் தம்பபண்ணி என்னும் பெயர் வருகின்றது. கிரேக்கர் நம் தீவைத் தப்ரோபனே என்றது இதன் திரிபே. விசயனும் அவன் தோழரும் வந்திறங்கிய இடத்துக்குத் தம்பபண்ணி எனப் பெயர் கூறும் மகாவம்சம், செம்மண்ணில் ஊன்றிய கைகள் செம்பு நிறமானமையால் அப்பெயர் வந்ததென்று காரணமும் கற்பிக்கின்றது. காரணம் கதையாயிருக்கலாம். மண் சிவப்பென்பது உண்மை. புத்தளத்துக்கு வடக்கே, வில்பத்துக் காட்டின் மேற்கு ஓரமாக, அச்செம்மண்ணைக் காணலாம். அவ்விடத்திலேதான், வவுனியாவுக்குத் தென்மேற்கே, பொம்பரிப்பு என்னும் தாழிக்காடு இருக்கின்றது. பொன்பரப்பி என்னும் பெயர் திரிந்து இவ்வாறாயிற்று என்பர். படத்தை விரித்து நோக்கினால், ஆதிச்சநல்லூருக்கு நேர் கிழக்கே, சிறிது தெற்காக, கடலுக்கு இப்பால் அது இருப்பதைக் காணலாம்.

பொம்பரிப்பை முதலில் 1923, 1924 அளவிற் சோதித்தவர் அக்காலத்துத் தொல்பொருள் ஆணையாளர் ஹோக்காட். பின்னர் 1956இல் தேசிய நூதனசாலைத் தலைவராயிருந்த பி. ஈ. பி. தெரணியகல அகழ்ந்தார். 1970ஆம் ஆண்டில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக நூதனசாலையின் சார்பில் விமலா பெக்லி அம்மையார் வந்து முறையாக ஆராய்ந்தார். என்புகளைக் கென்னடி என்னும் உடற்கூற்று அறிஞர் பரிசோதித்தார். சில ஏக்கர் பரப்பான அந்நிலத்திற் பல ஆயிரம் பேர் அடக்கம் செய்யப்பட்டிருக்கலாம் என்று கணக்கிட்டனர். கறுப்புச் சிவப்பு மட்கலம், இரும்பு, வெண்கலம், மணிகள். ஆதிச்சநல்லூரைக் கண்டவர் பொம்பரிப்பைக் கண்டால், செல்வத்தில் இளைத்த உடன்பிறப்பைக் கண்டதாகவே உணர்வர். பொற்பட்டமும் எருமை மூடியும் இங்கில்லை. தாழி அதுவே, குழி அதுவே, கலங்களை வைத்த முறையும் அதுவே. ஒரு வேறுபாடு குறிப்பிடத்தக்கது. பொம்பரிப்பில் ஒரே தாழிக்குள் ஒருவருக்கு மேற்பட்டோரின் என்புகள் இருந்தன.

இதனைக் கேட்டவுடன் சங்க நூல் பயின்றோர் நினைவுக்குப் புறநானூற்றின் 256ஆம் பாட்டு வரும். கணவனை இழந்த ஒருத்தி, குயவனை நோக்கி, தனக்கும் இடமிருக்குமாறு தாழியை அகலமாக வனையும்படி வேண்டுகின்றாள். அதே தொகையில் 228ஆம் பாட்டில், கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார், இத்துணைப் பெரியோனை அடக்கும் தாழியை எவ்வாறு வனையப் போகின்றாய் என்று குயவனிடமே கேட்கின்றார். மணிமேகலையும் இறந்தோரைச் செய்யும் முறைகளை எண்ணுமிடத்துத் தாழியிற் கவிப்பதை ஒன்றாகக் கூறுகின்றது. ஆயினும் பொம்பரிப்புத் தாழியில் இருந்தோர் கணவனும் மனைவியும் என்று சொல்லிவிடலாகாது. அவை பொறுக்கியெடுத்த என்புகள். உறவு என்பில் எழுதப்பட்டிருப்பதில்லை. ஆதிச்சநல்லூரின் கணிப்புகளை நோக்கினால், பாட்டுக்கும் அத்தாழிகளுக்கும் இடையே பல நூற்றாண்டு கழிந்திருக்கின்றது. பாட்டு நமக்குத் தருவது ஒன்றே: தாழி வனைந்தவனும் அதனை வேண்டி நின்றவளும் நம்மைப்போற் பேசிய மனிதர் என்னும் உணர்வு.

அப்படியாயின் அவர்கள் யார்? தமிழரா, சிங்களவரா, நாகரா என்று உடனே வினவுவோர் உளர். இன்றைய வன்னியில் இவ்வினா வெறும் கல்விக்கழக வினாவன்று. எனினும் தாழியை அவ்வாறு வினவிப் பயனில்லை. எழுத்தில்லாத மட்கலம் எந்த மொழியும் பேசாது. கறுப்புச் சிவப்பு மட்கலம் அநுராதபுரத்தின் ஆழத்திலும் கிடைக்கின்றது, கந்தரோடையிலும் கிடைக்கின்றது, தம்புள்ளைக்கு அருகே கற்பலகைகளாற் பெட்டி அமைத்து ஈமம் செய்த இப்பன்கட்டுவையிலும் கிடைக்கின்றது. ஆனைக்கோட்டையில் மட்டும் எழுத்தும் ஈமமும் ஒருங்கே அகப்பட்டன. 1980ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் பேராசிரியர் கா. இந்திரபாலாவின் தலைமையில் அங்கே அகழ்ந்தபோது, கிடத்திப் புதைத்த என்புக்கூட்டின் பக்கத்தில் ஒரு சிறு முத்திரை கிடைத்தது. மேல்வரியில் எழுத்தல்லாத குறியீடுகள். கீழ்வரியில் கோவேத என வாசிக்கப்பட்ட பிராமி எழுத்துகள். கோ என்பது தலைவனைக் குறிக்கும் தமிழ்ச்சொல் என அறிஞர் காட்டினர். முடிபுச் சொல்லில் கருத்து வேறுபாடு உண்டு. இம்முத்திரையின் மதிப்பு அதன் எழுத்தில் மட்டும் இருக்கவில்லை. எழுத்து எந்தக் குழியில், எந்த என்பின் அருகில் கிடந்தது என்பது தெரிந்திருப்பதிலும் இருக்கின்றது. அதுவே கடைவீதியில் ஒருவர் கையிற் கிடைத்திருந்தால், அரும்பொருள் விரும்புவோர்க்கு அழகிய கல்லாயிருக்கும்; வரலாற்றுக்கு அவ்வளவாக உதவாது.

இங்கே வன்னிக்கு உரிய ஓர் இடர்ப்பாட்டைச் சொல்லத்தான் வேண்டும். தொல்பொருள் என்று பெயரிடப்பட்டால் காணி கைவிட்டுப் போய்விடும் என்னும் அச்சம் இங்குண்டு. குருந்தூர்மலை, வெடுக்குநாறிமலை ஆகியவற்றைச் சூழ்ந்த வழக்குகளைச் செய்தித்தாள் வாசிப்போர் அறிவர். ஆதலின் அச்சத்தை வீண் அச்சம் என்று ஒதுக்குவது நேர்மையாகாது. அச்சத்தின் விளைவு யாது? காடு வெட்டுகையில் தாழியின் விளிம்பு தெரிந்தால், மண்வெட்டியால் ஒரு போடு போட்டு, ஓட்டை வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டு, வாய்மூடி இருந்துவிடுதல். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் கண்டதை அறிவிக்கும்படி கூறுகின்றது. சட்டம் கூறுவதும் மனம் கூறுவதும் வெவ்வேறாயிருக்கும்போது பொருள்தான் அழிகின்றது. அறிவிப்பவன் இழப்பவனாகக்கூடாது என்னும் உறுதியைத் திணைக்களம் செயலாற் காட்டினாலன்றி இந்நிலை மாறப்போவதில்லை என்பதே என் எண்ணம். ஆதிச்சநல்லூரில் நூதனசாலை வந்தபோது ஊரார் மகிழ்ந்தனர். பெர்லினுக்கும் சென்னைக்கும் போனவற்றை நினைத்து, இனிக் கிடைப்பவையாவது ஊரிலேயே தங்கட்டும் என்றனர். தன் ஊரிலே தங்கும் என்று நம்பக்கூடிய பொருளைத்தான் ஒருவன் காட்டிக்கொடுப்பான்.

புதைகுழி என்னும் சொல்லே வன்னியில் வேறு நினைவை எழுப்பும் என்பதையும் மறந்து பேசுதல் தகாது. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்க நிலம் வெட்டியபோது மனித என்புகள் வெளிப்பட்டன. அவை பழங்காலத்தன அல்ல. நீதிமன்றத்தின் மேற்பார்வையில் அகழப்பட்டவை. ஆயினும் அங்கே கையாளப்பட்டது தொல்லியல் அறிஞரின் முறையே: மேலிருந்து படிப்படியாக மண்ணை நீக்குதல், எது எதன்மேற் கிடந்தது என வரைதல், அளத்தல், எழுதுதல். மூவாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட என்புக்கும் நேற்றைய என்புக்கும் இம்முறை ஒன்றே. இறந்தவரைக் குறித்து உயிரோடிருப்போர் உண்மையை அறிய வேண்டுமெனில், கிடந்த இடம் கலையாதிருத்தல் வேண்டும்.

ஆதலால், வன்னியில் நிலம் திருத்துவோர்க்கு நடைமுறையில் உதவக்கூடிய சில குறிப்புகளைக் கூறுகின்றேன். ஆற்றுக்கோ குளத்துக்கோ அண்மையில், வயலுக்கு உதவாத சரளை மேட்டில், தடித்த ஓட்டு விளிம்பு வட்டமாகத் தெரிந்தால் அது தாழியின் வாயாகலாம். அதனைச் சுற்றிப் பறித்துத் தூக்க முயலாதீர்கள். உள்ளே மண் நிறைந்திருப்பதால் தூக்கியவுடன் அது பிளந்துவிடும். இடத்தை அடையாளமிட்டு, ஒளிப்படம் எடுத்து, மேலே மண்ணைத் தூவி மூடிவிட்டு, கிராம அலுவலருக்கோ பல்கலைக்கழகத் தொல்லியல் ஆசிரியருக்கோ அறிவியுங்கள். முக்கியமாக, தாழிக்குள் இருக்கும் மண்ணைப் பயனற்றதென்று கொட்டிவிடாதீர்கள். ஆதிச்சநல்லூருக்கு அணித்தேயுள்ள சிவகளையில், தாழியொன்றின் உள்ளே இருந்த நெல்லுமி சோதிக்கப்பட்டது. அதன் காலம் கி.மு. 1155 என்று 2021ஆம் ஆண்டில் அறிவித்தனர். பொன்னும் வெண்கலமும் சொல்லாத ஆண்டைச் சொன்னது, தாழிக்குள் மண்ணோடு மண்ணாய்க் கிடந்த அந்த உமி.